உப்புநீரில் கரைந்த கரிமச் சேர்மங்களும் சவ்வுப் பொருட்களின் வரலாறும்

உப்புநீரை அழுத்தத்துடன் ஒரு மெல்லிய சவ்வின் மீது செலுத்தி, நீரை மட்டும் மறுபக்கம் கடத்தி, உப்பைப் பின்னால் நிறுத்தும் முறை எதிர் சவ்வூடு பரவல் எனப்படும். பேச்சுவழக்கில் இது ஆர்.ஓ. என்று அறியப்படுகிறது. கடல்நீரைக் குடிநீராக்குதல், உவர் நிலத்தடி நீரைச் சுத்திகரித்தல், நகரங்களின் சாக்கடை நீரையும் ஆலைக் கழிவுநீரையும் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருதல் ஆகியவற்றில் இம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. இந்த நீரில் உப்பு மட்டும் இருப்பதில்லை. ஃபீனால்கள், பூச்சிக்கொல்லிகள், சாயங்கள், ஆலைக் கரைப்பான்கள், மருந்துகளின் எச்சங்கள், மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள் எனப் பலவகைக் கரிமச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன.

உப்பை நன்கு தடுக்கும் சவ்வு கரிமச் சேர்மங்களையும் அதே அளவுக்குத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கடந்த அறுபது ஆண்டு வரலாறு இந்த எதிர்பார்ப்பைப் பலமுறை பொய்யாக்கியுள்ளது. சவ்வு ஒரு சல்லடை போல மட்டும் செயல்படுவதில்லை. ஒரு சேர்மம் நிற்குமா, கடந்து செல்லுமா என்பதில் அதன் அளவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு சவ்வு செய்யப்பட்ட பொருளுக்கும் உண்டு. செல்லுலோஸ் அசிட்டேட்டிலிருந்து பாலிஅமைடுக்கும், பின்னர் நானோ வடிகட்டிகளுக்கும் தொழில்நுட்பம் நகர்ந்த வரலாற்றை இந்தக் கோணத்தில் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கக் கண்டறிதல்கள்

சவ்வூடு பரவலைப் பற்றிய முதல் பதிவே ஒரு கரிமச் சேர்மத்தைச் சார்ந்தது. 1748இல் பிரெஞ்சு அறிஞர் ஜான் அந்துவான் நொலே, சாராயம் நிரப்பிய ஒரு குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடி நீரில் அமிழ்த்தி வைத்தார். நீர் உள்ளே புகுந்து சிறுநீர்ப்பை வெளிப்பக்கமாகப் புடைத்தது. நீரை எளிதாக விடும் அந்தச் சவ்வு சாராயத்தை அவ்வளவு எளிதாக விடவில்லை என்பது இதனால் தெரிந்தது.

விலங்குச் சவ்வுகள் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால் அவற்றைக் கொண்டு துல்லியமான அளவீடுகள் செய்ய முடியவில்லை. 1867இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் டிராபே, காப்பர் ஃபெர்ரோசயனைடு என்னும் வேதிப்பொருளின் வீழ்படிவைக் கொண்டு முதல் செயற்கைச் சவ்வை உருவாக்கினார். தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் இந்த வீழ்படிவை நுண்துளை கொண்ட மண்கலத்தின் சுவரில் படியவைத்து, சர்க்கரைக் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை அளந்து 1877இல் வெளியிட்டார். அவருடைய அளவீடுகளை அடிப்படையாகக் கொண்டே வான்ட் ஹாஃப் தமது கரைசல் கோட்பாட்டை அமைத்தார். சர்க்கரை பெரிய மூலக்கூறு, நீரில் நன்கு கரையும், சவ்வில் ஒட்டுவதில்லை. ஆகவே சவ்வைத் துளைகள் கொண்ட சல்லடையாக எண்ணும் வழக்கத்துக்கு அது எளிதில் பொருந்தியது. இப்பார்வையின் குறை பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

செல்லுலோஸ் அசிட்டேட்டின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் நீர்த் தட்டுப்பாடு பெரிதாகப் பேசப்பட்டது. 1952இல் அந்நாட்டு நாடாளுமன்றம் உப்புநீரை நன்னீராக்கும் ஆய்வுகளுக்கான சட்டத்தை இயற்றியது. அதன் வழியே அமைந்த உப்புநீர் அலுவலகம் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கியது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீடும் அவருடன் பணியாற்றிய பிரெட்டனும் சந்தையில் கிடைத்த பலவகைப் பலபடித் தாள்களைச் சோதித்தனர். அவற்றுள் செல்லுலோஸ் அசிட்டேட் உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தடுத்தது. இம்முடிவுகள் 1959இல் வெளியாயின. பருத்தியிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸை அசிட்டிக் அமிலத்தின் வழிப்பொருளுடன் வினைபுரியச் செய்து பெறப்படும் இப்பொருள், அன்று புகைப்படச் சுருள்களிலும் செயற்கை நூலிலும் பயன்பட்டு வந்தது.

ரீடின் சவ்வு உப்பைத் தடுத்தாலும், அதன் வழியே கசிந்த நீர் மிகக் குறைவு. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் இதற்குத் தீர்வு கண்டனர். செல்லுலோஸ் அசிட்டேட்டை அசிட்டோனில் கரைத்து, அதில் மக்னீசியம் பெர்குளோரேட்டு சேர்த்து, கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக வார்த்து, குளிர்நீரில் அமிழ்த்தி, பின்னர் வெந்நீரில் பதப்படுத்தினர். இவ்வாறு கிடைத்த சவ்வின் மேற்பரப்பில் மட்டும் மிக மெல்லிய அடர்ந்த தோல் இருந்தது. அதன் கீழே நீர் எளிதாக ஓடக்கூடிய நுண்துளைப் பகுதி இருந்தது. உப்பைத் தடுக்கும் வேலையைத் தோல் செய்ய, தாங்கும் வேலையைக் கீழ்ப்பகுதி செய்தது. 1960இல் அறிவிக்கப்பட்ட இச்சவ்வு முந்தையவற்றைவிடப் பன்மடங்கு நீரைக் கடத்தியது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரில் இத்தகைய சவ்வுகளைக் குழாய் வடிவில் கொண்ட நிலையம் செயல்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 19,000 லிட்டர் திறன் கொண்ட அந்த நிலையம், உவர் நிலத்தடி நீரைக் குடிநீராக்கியது.

அக்காலத்தில் ஒரு சவ்வின் தரம் இரண்டு எண்களால் மதிப்பிடப்பட்டது. ஒன்று, அது எத்தனை விழுக்காடு உப்பைத் தடுக்கிறது என்பது. மற்றொன்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு நீரைத் தருகிறது என்பது. கரிமச் சேர்மங்கள் இந்த மதிப்பீட்டில் இடம்பெறவில்லை.

ஃபீனால் எழுப்பிய கேள்வி

ஃபீனால் என்பது நிலக்கரித் தார், பெட்ரோலியம், சாயத் தொழில்களின் கழிவில் காணப்படும் நச்சுச் சேர்மம். அதன் மூலக்கூறு நிறை 94. சமையல் உப்பான சோடியம் குளோரைடின் வாய்பாட்டு நிறை 58.5. நிறையை மட்டும் பார்த்தால் உப்பைத் தடுக்கும் சவ்வு ஃபீனாலையும் எளிதில் தடுக்க வேண்டும். ஆனால் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வின் வழியே ஃபீனால் தாராளமாகக் கடந்தது. 1967இல் லான்ஸ்டேல், மெர்ட்டன், டாகாமி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பான ஒன்றைக் காட்டியது. சவ்வைக் கடந்து வந்த நீரில் ஃபீனாலின் செறிவு, உள்ளே செலுத்திய நீரில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. உப்பை நீக்கிய அதே சவ்வு ஃபீனாலைச் செறிவூட்டியிருந்தது. இது எதிர்மறைத் தடுப்பு எனப்படும்.

இதன் காரணம் பொருளின் வேதியியலில் உள்ளது. உப்பு நீரில் கரையும்போது மின்சுமை கொண்ட அயனிகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துகொள்கின்றன. இந்த நீர்ப் போர்வையைக் களைந்துவிட்டுச் சவ்வுக்குள் நுழைய அயனிக்கு மிகுந்த ஆற்றல் தேவை. ஆகவே அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஃபீனாலுக்கு இத்தகைய மின்சுமை இல்லை. மேலும் அதன் ஹைட்ராக்சில் தொகுதி, செல்லுலோஸ் அசிட்டேட்டின் அசிட்டைல் தொகுதிகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துகிறது. எனவே நீரில் இருப்பதைவிடச் சவ்வில் கரைந்திருப்பதையே ஃபீனால் விரும்புகிறது. சவ்வில் சேர்ந்த ஃபீனால், செறிவு வேறுபாட்டாலும் நீரின் ஓட்டத்தாலும் மறுபக்கம் வெளியேறுகிறது.

லான்ஸ்டேலும் அவருடைய குழுவினரும் இதைக் கரைந்து பரவுதல் என்னும் கோட்பாட்டால் விளக்கினர். அதன்படி நீரும் கரைபொருளும் முதலில் சவ்வுப் பொருளில் கரைகின்றன. பின்னர் அதனூடே பரவுகின்றன. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்குச் சென்ற சௌரிராஜன் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். சவ்வின் பரப்பில் நுண்துளைகள் உண்டு. அப்பரப்பு எதை ஈர்க்கிறதோ அது துளை வழியே கடக்கும் என்பது அவர் கருத்து. துளைகள் உண்டா இல்லையா என்ற கேள்வியில் இரு தரப்பும் நீண்ட காலம் மாறுபட்டு நின்றன. எனினும் சவ்வுப் பொருளுக்கும் கரைபொருளுக்கும் இடையிலான நாட்டம் முக்கியமானது என்பதில் இருவருக்கும் உடன்பாடு இருந்தது.

சௌரிராஜனும் டகேஷி மட்சூராவும் 1970களில் ஆல்கஹால்கள், ஃபீனால்கள், கரிம அமிலங்கள் எனச் சேர்மங்களை வரிசையாக எடுத்து ஆராய்ந்தனர். ஒரே நிறை கொண்ட ஆல்கஹால்களில், நேர்ச்சங்கிலி வடிவத்தைவிடக் கிளைத்த வடிவம் நன்கு தடுக்கப்பட்டது. கரிம அமிலங்கள் அயனியாகப் பிரிந்த நிலையில் நன்கு தடுக்கப்பட்டன. பிரியாத நிலையில் கசிந்தன. இவ்வாறு ஒரு கரிமச் சேர்மத்தின் வடிவம், அமிலத்தன்மை, மின்முனைவுத் தன்மை ஆகியவற்றைக் கொண்டு அது தடுக்கப்படுமா என்பதை முன்கூட்டி மதிப்பிடும் வழி பிறந்தது.

பாலிஅமைடின் வருகை

செல்லுலோஸ் அசிட்டேட்டுக்கு வேறு குறைகளும் இருந்தன. காரத்தன்மை மிகுந்தாலும் அமிலத்தன்மை மிகுந்தாலும் அது நீராற்பகுப்படைந்து சிதையும். எனவே நீரின் பிஎச் மதிப்பை ஏறத்தாழ 4 முதல் 6 வரை வைத்திருக்க வேண்டியிருந்தது. வெப்பநிலை உயர்ந்தால் சிதைவு விரைவடையும். செல்லுலோஸை உண்ணும் நுண்ணுயிரிகள் சவ்வையே அரித்தன.

முதல் மாற்று டூபாண்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. நைலான் தொழிலில் அனுபவம் கொண்டிருந்த அந்நிறுவனம், அரோமேட்டிக் பாலிஅமைடைத் தலைமுடியைப் போன்ற உள்ளீடற்ற இழைகளாக நூற்று, பெர்மாசெப் பி-9 என்ற பெயரில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடல்நீருக்கான பி-10 சில ஆண்டுகளில் வெளிவந்தது.

இரண்டாவது மாற்று மினியாபோலிஸ் நகரின் நார்த் ஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் ஜான் கெடாட் என்பவரால் உருவானது. சவ்வு முழுவதையும் ஒரே பொருளால் செய்வதற்குப் பதிலாக, நுண்துளை கொண்ட பாலிசல்ஃபோன் தாங்கியின் மீது மற்றொரு பொருளின் மிக மெல்லிய படலத்தை உருவாக்கும் முறையை அவர் வளர்த்தார். தாங்கியை ஒரு வினைபொருளின் நீர்க்கரைசலில் நனைத்து, அதன்மேல் மற்றொரு வினைபொருளின் கரிமக் கரைப்பான் கரைசலைப் படியவைத்தால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் மட்டும் வினை நடந்து படலம் உருவாகும். 1970களின் தொடக்கத்தில் அவர் செய்த என்.எஸ்.-100 என்ற சவ்வு கரிமச் சேர்மங்களைத் தடுப்பதில் செல்லுலோஸ் அசிட்டேட்டை விஞ்சியது. பின்னர் ஃபிலிம்டெக் நிறுவனத்தில், மெட்டா ஃபீனிலின் டைஅமினையும் டிரைமெசாயில் குளோரைடையும் கொண்டு எஃப்.டி.-30 சவ்வை உருவாக்கினார். இதற்கான காப்புரிமை 1981இல் வழங்கப்பட்டது. ஆய்வு அரசு நிதியில் தொடங்கியதால் அந்தக் காப்புரிமை யாருக்கு உரியது என்பது பின்னாளில் நீதிமன்ற வழக்காகவும் மாறியது. இன்று உலகில் பயன்படும் பெரும்பாலான எதிர் சவ்வூடு பரவல் சவ்வுகளின் வேதியியல் இதுவே. உப்பைத் தடுக்கும் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மைக்ரோமீட்டர் மட்டுமே.

பாலிஅமைடு படலத்தில் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டுள்ளன. ஆகவே சிறு கரிம மூலக்கூறுகள் நகர்வதற்கான இடம் குறைவு. அதன் பரப்பில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள், நடுநிலை நீரில் எதிர்மின்சுமை பெறுகின்றன. எதிர்மின்சுமை கொண்ட கரிம அமிலங்களையும் சாயங்களையும் அவை விலக்கித் தள்ளுகின்றன.

மூன்றாவது நன்மை, ஃபீனால் போன்ற சேர்மங்களைக் கையாள்வதில் வெளிப்பட்டது. பிஎச் மதிப்பு 10ஐ ஒட்டி உயரும்போது ஃபீனால் தன் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை கொண்ட ஃபீனாக்சைடு அயனியாகிறது. அந்நிலையில் அதைச் சவ்வு எளிதில் தடுக்கும். இந்த வேதியியல் முன்பே தெரிந்ததுதான். ஆனால் செல்லுலோஸ் அசிட்டேட் அவ்வளவு காரத்தைத் தாங்காது. பிஎச் 11 வரை தாங்கும் பாலிஅமைடு வந்த பின்னரே இந்த வழி நடைமுறைக்கு வந்தது. கடல்நீரிலுள்ள போரிக் அமிலத்தை நீக்க, கடல்நீர் நிலையங்களின் இரண்டாம் கட்டத்தில் காரம் சேர்ப்பதும் இதே அடிப்படையில்தான். போரிக் அமிலம் கரிமச் சேர்மம் அன்று. ஆனால் மின்சுமையற்ற சிறு மூலக்கூறு என்ற வகையில் ஃபீனாலைப் போலவே சவ்வைக் கடக்கிறது.

குளோரினும் படிவும்

புதிய பொருள் தன்னுடன் புதிய சிக்கல்களையும் கொண்டுவந்தது. செல்லுலோஸ் அசிட்டேட், லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் குளோரினைத் தொடர்ந்து தாங்கும். ஆகவே நீரில் குளோரின் கலந்து கிருமிகளைக் கட்டுப்படுத்த முடிந்தது. பாலிஅமைடின் அமைடு பிணைப்பில் உள்ள நைட்ரஜனையும் அதன் அரோமேட்டிக் வளையத்தையும் குளோரின் தாக்குகிறது. சங்கிலிகளின் இறுக்கம் குலைந்து, உப்பும் கரிமச் சேர்மங்களும் கசியத் தொடங்குகின்றன. இதனால் பாலிஅமைடு நிலையங்களில் குளோரினைச் சவ்வுக்கு முன்னரே நீக்கிவிட வேண்டும். வீடுகளில் உள்ள ஆர்.ஓ. கருவிகளில் சவ்வுக்கு முன்னால் கிளர்வூட்டிய கரி வடிகட்டி வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கரிமப் பொருட்கள் சவ்வின் மீது படிந்து நீரோட்டத்தைக் குறைப்பது மற்றொரு சிக்கல். ஹியூமிக் பொருட்கள், புரதங்கள், பாசிகள் வெளியிடும் பல்சர்க்கரைகள் ஆகியவை இப்படிவுக்குக் காரணம். நீரில் கால்சியம் இருந்தால், அது கரிம மூலக்கூறுகளைச் சவ்வின் கார்பாக்சில் தொகுதிகளுடன் பிணைத்துப் படிவை மேலும் இறுக்கும். செல்லுலோஸ் அசிட்டேட்டின் பரப்பு வழவழப்பானது. பாலிஅமைடின் பரப்பு மேடும் பள்ளமுமானது. அப்பள்ளங்களில் நுண்துகள்கள் தங்கிவிடுகின்றன. 1997இல் மெனாகெம் எலிமெலெக் குழுவினர் இரு பொருட்களையும் ஒப்பிட்டு, பரப்பின் சொரசொரப்பே பாலிஅமைடில் விரைவாகப் படிவு ஏற்படக் காரணம் என்று காட்டினர். பாலிஅமைடு பரவிய பின்னரும் செல்லுலோஸ் சவ்வுகள் முற்றிலும் மறையாததற்குக் குளோரின் தாங்கும் திறனும் இந்த வழவழப்பும் காரணங்கள். ஜப்பானின் டோயோபோ நிறுவனத்தின் செல்லுலோஸ் டிரைஅசிட்டேட் இழைகள் சவூதி அரேபியாவின் கடல்நீர் நிலையங்களில் தொடர்ந்து பயன்பட்டு வந்தன.

2008-09இல் பாரசீக வளைகுடாவிலும் ஓமான் கடற்பகுதியிலும் செம்பாசிப் பெருக்கம் ஏற்பட்டபோது, பாசிகளும் அவை வெளியிட்ட கரிமப் பொருட்களும் முன் சுத்திகரிப்பு வடிகட்டிகளை அடைத்தன. பல குடிநீர் நிலையங்கள் நிறுத்தப்பட்டன. குடிநீருக்குக் கடலையே நம்பியிருக்கும் நாடுகளுக்கு உப்பைப் போலவே கரிமப் பொருளும் எவ்வளவு முக்கியம் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

சோதனையில் ஏமாற்றும் ஒட்டுதல்

1975இல் எட்வர்ட் சியான் குழுவினர் செல்லுலோஸ் அசிட்டேட், என்.எஸ்.-100 ஆகிய இரு சவ்வுகளையும் கொண்டு பூச்சிக்கொல்லிகளை நீக்கும் சோதனைகளை வெளியிட்டனர். நீரில் அரிதாகக் கரையும் பூச்சிக்கொல்லிகள் மிக நன்றாக நீக்கப்பட்டன. ஆனால் அவற்றில் கணிசமான பகுதி சவ்வால் தடுக்கப்படாமல், சவ்வுப் பொருளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

நீர்வெறுக்கும் சேர்மங்களை ஆராய்வோர் அனைவரும் கவனிக்க வேண்டிய உண்மை இது. புதிய சவ்வில் சில மணி நேரம் மட்டும் சோதனை செய்தால், ஒட்டிக்கொண்ட சேர்மமும் தடுக்கப்பட்டதாகவே கணக்கில் சேரும். சவ்வில் ஒட்டுவதற்கான இடங்கள் நிரம்பிய பின், அச்சேர்மம் மெல்ல மறுபக்கம் வெளிவரத் தொடங்கும். உண்மையான தடுப்புத் திறன் அதன் பின்னரே தெரியும். பெண்மை இயக்குநீர்கள் போன்ற நுண்மாசுகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வுகளிலும் இது உறுதிப்பட்டது. எனவே சவ்வு நிறைவுறும்வரை சோதனையை நீட்டிப்பது இத்துறையில் வழக்கமாயிற்று.

ஆரஞ்சு கவுண்டியின் அனுபவம்

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் நிலத்தடி நீர் மிகையாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்தது. அதைத் தடுக்க, சுத்திகரித்த சாக்கடை நீரைக் கடற்கரையோரக் கிணறுகளில் செலுத்தும் வாட்டர் ஃபேக்டரி 21 என்ற நிலையம் 1970களின் நடுவில் அமைக்கப்பட்டது. அதன் எதிர் சவ்வூடு பரவல் பிரிவில் முதலில் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வுகளே இருந்தன. சாக்கடை நீரை இவ்வாறு மீட்டெடுப்பதில் உப்பு, கரிமச் சேர்மங்கள் ஆகிய இரண்டையும் ஒருசேர நீக்க வேண்டியிருந்தது. செலுத்தப்படும் நீர் நாளடைவில் மக்கள் குடிக்கும் நிலத்தடி நீருடன் கலக்கும் என்பதால் இதில் தவறுக்கு இடமில்லை.

2000இல் அப்பகுதியின் நிலத்தடி நீரில் என்.டி.எம்.ஏ. என்னும் நைட்ரோசோ டைமெதில் அமின் கண்டறியப்பட்டது. இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் சேர்மம். இதற்குக் கலிபோர்னியா வகுத்துள்ள எச்சரிக்கை அளவு லிட்டருக்கு வெறும் 10 நானோகிராம். இதன் மூலக்கூறு நிறை 74, மின்சுமை இல்லை, நீரில் நன்கு கரையும். உப்பை 99 விழுக்காடு தடுக்கும் பாலிஅமைடு சவ்வும் இதைப் பாதியளவே தடுக்கிறது. நீரின் வெப்பநிலை, சவ்வின் வகை ஆகியவற்றைப் பொறுத்து அந்த அளவு இன்னும் குறையவும் கூடும். அடுத்த சில ஆண்டுகளில் 1,4-டையாக்சேன் என்ற கரைப்பானும் அங்கே கண்டறியப்பட்டது. அதன் நிறை 88.

இங்கே சவ்வுப் பொருளின் பங்கு மறைமுகமாகவும் இருக்கிறது. பாலிஅமைடு குளோரினைத் தாங்காது என்பதால், கழிவுநீரை மீட்கும் நிலையங்களில் கிருமிகளைக் கட்டுப்படுத்தக் குளோரமின் பயன்படுத்தப்படுகிறது. அது சவ்வை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. ஆனால் குளோரமின், கழிவுநீரில் உள்ள சில அமின் சேர்மங்களுடன் வினைபுரிந்து என்.டி.எம்.ஏ.வை உருவாக்கக்கூடும். சவ்வைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள், அச்சவ்வால் முழுமையாகத் தடுக்க முடியாத ஒரு நச்சை உண்டாக்க வாய்ப்பளிக்கிறது.

இதற்கான தீர்வு சவ்வுக்கு வெளியே கிடைத்தது. 2008இல் வாட்டர் ஃபேக்டரிக்குப் பதிலாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 26.5 கோடி லிட்டர் திறனுடன் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதில் நுண்வடிகட்டல், பாலிஅமைடு சவ்வு ஆகியவற்றுக்குப் பின் மூன்றாவது கட்டமாகப் புற ஊதா ஒளியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கப்பட்டன. புற ஊதா ஒளி என்.டி.எம்.ஏ.வைச் சிதைக்கிறது. பெராக்சைடிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் உறுப்புகள் டையாக்சேனைத் தாக்குகின்றன. சாக்கடை நீரைக் குடிநீர்த் தரத்துக்கு மீட்கும் பல பிற்கால நிலையங்களும் இந்த மூன்று கட்ட அமைப்பைப் பின்பற்றின.

நானோ வடிகட்டலும் திருப்பூர்ச் சாயநீரும்

எல்லாவற்றையும் தடுப்பது எப்போதும் தேவையில்லை. உப்பை விட்டுவிட்டுக் கரிமச் சேர்மத்தை மட்டும் பிடிக்க வேண்டிய இடங்களும் உண்டு. கெடாட் தம் ஆய்வில் பைபெரசின் என்ற அமினைப் பயன்படுத்தியபோது, சற்றுத் தளர்வான படலம் கிடைத்தது. அது சல்ஃபேட்டு போன்ற இரட்டை மின்சுமை அயனிகளையும் பெரிய கரிம மூலக்கூறுகளையும் தடுத்தது. சோடியம் குளோரைடைப் பெருமளவு விட்டுவிட்டது. 1980களில் இவ்வகைச் சவ்வுகளுக்கு நானோ வடிகட்டிகள் என்ற பெயர் நிலைத்தது. பிரான்சின் மேரி சுர் உவாஸ் நிலையத்தில் ஆற்று நீரிலிருந்து பூச்சிக்கொல்லிகளையும் இயற்கைக் கரிமப் பொருட்களையும் நீக்க, 1999 முதல் நானோ வடிகட்டிகள் பெரிய அளவில் பயன்படுகின்றன. கால்சியத்தை ஓரளவு நீரிலேயே விட்டுவைத்து, கரிமப் பொருளை நீக்கும் வகையில் அச்சவ்வு தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்த வேறுபாடு தமிழ்நாட்டில் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பருத்தித் துணிக்கு வினைச்சாயம் ஏற்ற, சாயத் தொட்டியில் சோடியம் குளோரைடோ சோடியம் சல்ஃபேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. துணியில் ஒட்டாத சாயமும் சேர்த்த உப்பு முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகின்றன. இந்நீர் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதால் சுற்றுவட்டார விளைநிலங்களும் கிணறுகளும் பாழாயின. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். கழிவுநீர் முழுவதையும் மீட்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்படத் தொடங்கிய பின்னரே தொழில் படிப்படியாக மீண்டது.

இந்நிலையங்களில் நுண்ணுயிரிச் சுத்திகரிப்புக்குப் பின் பல கட்ட எதிர் சவ்வூடு பரவல் நடைபெறுகிறது. எஞ்சும் அடர்ந்த உப்புநீர் ஆவியாக்கப்பட்டு உப்பு பிரிக்கப்படுகிறது. அந்த உப்பில் நிறம் கலந்திருந்தால் மீண்டும் சாயமேற்றப் பயன்படாது. ஆகவே சாயத்தை உப்பிலிருந்து பிரிப்பது முக்கியமாகிறது. வினைச்சாயங்களின் மூலக்கூறுகள் பெரியவை. சல்ஃபோனேட்டுத் தொகுதிகளால் எதிர்மின்சுமை கொண்டவை. எதிர்மின்சுமை கொண்ட நானோ வடிகட்டி அவற்றை நன்கு தடுக்கிறது. உப்பு சோடியம் குளோரைடு என்றால் அது சாயத்தை விட்டுப் பிரிந்து கடந்து செல்லும். சோடியம் சல்ஃபேட்டு என்றால், இறுக்கமான நானோ வடிகட்டி அதையும் சாயத்துடன் சேர்த்து நிறுத்திவிடும். எனவே பட்டறையில் எந்த உப்பு பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே சவ்வும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

உப்பின் செறிவும் தடுப்பை மாற்றும். உப்பு மிகுந்த நீரில், சவ்வின் மின்சுமையையும் சாயத்தின் மின்சுமையையும் எதிர் அயனிகள் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. அவற்றுக்கிடையிலான விலக்கு விசை குறைகிறது. மின்சுமையை நம்பித் தடுக்கப்படும் சிறு கரிம அயனிகள் அப்போது கசியக்கூடும். நன்னீரில் செய்த சோதனையின் முடிவை உப்புநீருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

சென்னையிலும் இந்த வரலாற்றின் இரு பக்கங்களைக் காணலாம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய, தலா 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட நிலையங்கள் சாக்கடை நீரை எதிர் சவ்வூடு பரவலால் மீட்டு ஆலைகளுக்கு வழங்குகின்றன.

உப்பைத் தடுத்து கரிமத்தை விடும் சவ்வுகள்

ஃபீனால் சோதனையில் குறையாகத் தோன்றிய பண்பை நன்மையாக மாற்றிய சவ்வுகளும் உண்டு. சிலிகோன் ரப்பர் நீர்வெறுக்கும் பொருள். பென்சீன், டொலுயீன் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் அதில் எளிதில் கரையும், உப்பு கரையாது. சவ்வின் மறுபக்கத்தில் வெற்றிடத்தை ஏற்படுத்தினால், உப்புநீரிலிருந்து இச்சேர்மங்கள் சவ்வின் வழியே ஆவியாக வெளியேறும். இது ஊடாவியாதல் எனப்படும். இங்கே சுத்தமாக்கப்படும் நீர் சவ்வைக் கடப்பதில்லை, மாசுதான் கடக்கிறது.

டெஃப்லான் போன்ற நீர்வெறுக்கும் நுண்துளைச் சவ்வுகளைக் கொண்ட சவ்வு வாலைவடித்தலில், சூடான உப்புநீரிலிருந்து நீராவி மட்டும் துளைகளைக் கடக்கிறது. இம்முறை மிகுந்த உப்பையும் கையாளும். ஆனால் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் நீராவியுடன் சேர்ந்து வந்துவிடும். சோப்பு போன்ற பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருட்கள் நீரில் இருந்தால் துளைகள் நனைந்து, உப்புநீரே கசிந்துவிடும்.

இன்றைய நிலை

கிராஃபீன் ஆக்சைடு அடுக்குகள், உயிரணுக்களில் நீரைக் கடத்தும் அக்வாபோரின் புரதம் பதித்த சவ்வுகள், குளோரினைத் தாங்கும் புதிய பலபடிகள் ஆகியவை ஆய்வில் உள்ளன. பாலிஅமைடின் இடத்தை இவை எதுவும் இன்னும் பெரிய அளவில் பிடிக்கவில்லை. யூரியா, மெத்தனால், என்.டி.எம்.ஏ. போன்ற மின்சுமையற்ற சிறு மூலக்கூறுகள் இன்றும் சவ்வு ஆய்வாளர்களுக்குக் கடினமான இலக்குகளாகவே உள்ளன. அவை நீர் மூலக்கூறைவிடச் சற்றே பெரியவை. நீரைப் போலவே ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துபவை. ஆகவே நீரை விட்டு இவற்றை மட்டும் நிறுத்துவது எந்தப் பொருளுக்கும் எளிதாக இல்லை.

சுத்திகரித்த நீரின் தரத்தை மதிப்பிட, கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துமைமானி பரவலாகப் பயன்படுகிறது. வீடுகளில் டி.டி.எஸ். அளவி என்று அறியப்படுவதும் அதுவே. அக்கருவி அயனிகளை மட்டும் உணரும். ஃபீனாலையோ டையாக்சேனையோ உணராது. அதன் எண் குறைவாக இருப்பது உப்பு நீங்கியதைக் காட்டும். கரிமச் சேர்மம் நீங்கியதற்கு அது சான்றாகாது. பெரிய நிலையங்களில் மொத்தக் கரிமக் கார்பனைத் தனியே அளப்பதும், சவ்வுக்கு முன்னும் பின்னும் கிளர்வூட்டிய கரி, ஓசோன், புற ஊதா ஒளி போன்ற கூடுதல் தடுப்புகளை அமைப்பதும் இக்காரணத்தால்தான். நீரில் உள்ள கரிமச் சேர்மங்கள் எவை என்பதை முதலில் அறிந்து, அவற்றுக்கு ஏற்ற சவ்வுப் பொருளைத் தேர்ந்து, அப்பொருள் தடுக்காதவற்றுக்கு வேறு தடுப்பை அமைப்பதே இன்று பின்பற்றப்படும் நடைமுறையாகும்.